பெருவிரலைத் தொட்டால் ஆள்காட்டி விரல்

மணிக்கட்டில் அறுந்த நரம்பைத் தைத்து ஏழெட்டு மாதமான ஒருவர் கை மறுவாழ்வுப் பிரிவில் உட்கார்ந்திருக்கிறார். சிகிச்சையாளர் அவரைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, மெல்லிய நைலான் இழையால் பெருவிரல் நுனியைத் தொடுகிறார்.

"எந்த விரலுண்ணா?"

"ஆள்காட்டி வெரலு மேடம்."

"கண்ணத் தொறந்து பாருங்க."

பார்க்கிறார். இழை பெருவிரலின் மேல் இருக்கிறது. மறுபடி கண்ணை மூடுகிறார், மறுபடி தொடுகிறார்கள், மறுபடி ஆள்காட்டி விரல்தான். கை பொய் சொல்கிறதா, மூளை பொய் சொல்கிறதா என்று கேட்டால் இரண்டும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். நடந்தது இதுதான். உள்ளங்கைப் பக்கத் தோலில் தொடுதலை உணரும் நரம்பிழைகள் சுமார் 17,000 என்று ஸ்வீடனைச் சேர்ந்த யோஹான்சனும் வால்போவும் 1979-ல் கணக்கிட்டார்கள். அவற்றில் பெரும்பகுதி மணிக்கட்டின் நடுவே ஓடும் மீடியன் நரம்பு வழியாகத்தான் மேலே போகிறது. நரம்பு அறுந்தால் அறுவை மருத்துவர் நுண்ணோக்கியின் கீழ் அதன் உறையையும் உள்ளே இருக்கும் கற்றைகளையும் பொருத்தித் தைக்கலாம். தனித்தனி இழைகளைத் தைக்க எந்தக் கையாலும் முடியாது. தைத்த இடத்திலிருந்து இழைகள் தாமாகவே வளர்கின்றன, நாளுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். எதிரே எந்தக் குழல் திறந்திருக்கிறதோ அதற்குள் நுழைகின்றன. ஆள்காட்டி விரலுக்குச் சொந்தமாக இருந்த இழை பெருவிரலில் போய்க் குடியேறுகிறது. வீடு மாறிய செய்தி மேலிடத்துக்குப் போவதில்லை. அந்த இழை துடித்தால் மூளை பழைய முகவரியைத்தான் படிக்கிறது.

வடசென்னையில் இந்தக் காயத்துக்குப் பஞ்சமில்லை. பவர் பிரஸ், லேத், தகடு வெட்டும் இயந்திரம், விசைப்படகின் வின்ச், சரக்கு ஏற்றும்போது சட்டென இறுகும் கம்பிக் கயிறு என்று கையைக் குறிவைக்கும் பொருள்கள் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை வரிசையாக இருக்கின்றன. அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு ஓடும் இடம் ஸ்டான்லி ஆஸ்பத்திரி. பெரியவர்கள் வாயில் அது இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி. 1782-ன் பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து அதன் கதை தொடங்குகிறது. அங்கே ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி 1938-ல் உருவானது. பேராசிரியர் ஆர். வெங்கடசாமி 1970-களில் அங்கே கை அறுவைக்கென்றே ஒரு பிரிவை வளர்த்தெடுத்தார். சாய்வாகத் துண்டிக்கப்பட்ட விரல் நுனியைப் பக்கத்துத் தோலையே முக்கோணமாக நகர்த்தி மூடும் முறையை அவரும் என். சுப்பிரமணியனும் 1980-ல் வெளியிட்டார்கள். அது இன்றும் உலகம் முழுக்க அவர் பெயரிலேயே செய்யப்படுகிறது. விரல் நுனியைக் காப்பாற்றுவது அழகுக்காக மட்டுமல்ல, தொடுவுணர்வுக்காக. உணர்வில்லாத விரலைக் கை தானே ஒதுக்கிவிடும், பட்டன் போடக்கூடப் பயன்படுத்தாது.

மருத்துவரின் வேலை தோலிலும் நரம்பிலும் முடிந்துவிடுகிறது. அதற்கு மேலே என்ன நடக்கிறது? மாறிப்போன முகவரிகளை மூளை திருத்திக்கொள்ளுமா? திருத்தினால் எங்கே வைத்துத் திருத்தும்? சிஸ்டம்ஸ் நியூரோசயின்ஸ் என்ற துறையின் கேள்வி இப்படிப்பட்டதுதான். ஒரு செல்லுக்குள் நடக்கும் வேதியியலும் அல்ல, ஒரு மனிதரின் நடத்தையும் அல்ல. இரண்டுக்கும் நடுவே ஆயிரக்கணக்கான நியூரான்கள் சேர்ந்து தொடுதல், பார்வை, அசைவு என்று ஒரு வேலையை எப்படிச் செய்கின்றன என்பது. அந்த வேலையை நேரில் உட்கார்ந்து அளப்பவர் பெரும்பாலும் பேராசிரியர் அல்ல. முனைவர் பட்டம் வாங்கி, சொந்த ஆய்வகம் கிடைப்பதற்கு முன், இன்னொருவரின் ஆய்வகத்தில் ஒப்பந்தத்தில் இருக்கும் போஸ்ட்டாக்.

மைக்கேல் மெர்ஸனிக் 1968-ல் அப்படி ஒரு போஸ்ட்டாக்காக அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் மேடிசனுக்குப் போனார். கிளிண்டன் வூல்ஸி என்ற பெரியவரின் ஆய்வகம் அது. விலங்குகளின் மூளையில் உடலின் எந்தப் பகுதி எங்கே பதிவாகியிருக்கிறது என்று வரைவதில் பெயர்பெற்ற இடம். அங்கே ரான் பால், ஹெர்பர்ட் குட்மன் என்ற இரண்டு நரம்பு அறுவை மருத்துவர்களும் இருந்தார்கள். அவர்களுடைய கேள்வி ஸ்டான்லி வார்டின் கேள்விதான்: கையின் நரம்பை அறுத்துத் தைத்தால் மூளையில் என்ன ஆகும்? அவர்கள் ரீசஸ் குரங்குகளில் அதைச் செய்தார்கள். இழைகள் நன்றாகக் கலந்துபோகட்டும் என்று மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். பிறகு மூளையைத் திறந்து வரைபடம் எடுத்தார்கள்.

அந்த வரைபடம் எடுக்கும் வேலையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் துறையின் உழைப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது. மயக்கத்தில் இருக்கும் விலங்கின் தொடுவுணர்வுப் புறணி, அதாவது தொடுதலைப் பெறும் மூளையின் மேற்பரப்பு, திறந்திருக்கிறது. தலைமயிரைவிட மெல்லிய மின்முனையை ஒரு திருகின் உதவியால் மைக்ரான் மைக்ரானாக இறக்குகிறார்கள். மின்முனை ஒரு நியூரானை நெருங்கியதும் அதன் துடிப்பு ஒலிபெருக்கியில் கேட்கிறது, சட்டியில் நெல் பொரிவதைப் போல. அப்போது ஒருவர் நுண்ணிய கண்ணாடிக் குச்சியால் கையின் தோலைத் தடவிக்கொண்டே போகிறார். எந்த இடத்தைத் தொட்டால் பொரிகிறதோ அதைக் கையின் படத்தில் குறிக்கிறார். மின்முனையை எடுத்துக் கால் மில்லிமீட்டர் தள்ளி மறுபடி இறக்குகிறார்கள். ஒரு விலங்கில் இப்படி நூற்றுக்கணக்கான இடங்கள். தொடங்கினால் பாதியில் நிறுத்த முடியாது. இரவு முழுக்க, மறுநாளும். மயக்க மருந்தின் அளவையும் உடல் வெப்பத்தையும் பார்க்க ஒருவர், திருகைத் திருப்ப ஒருவர், குறிக்க ஒருவர். அப்போது முதுகு வலிப்பது பேராசிரியருக்கு அல்ல.

மெர்ஸனிக் எதிர்பார்த்தது குழப்பமான படம். கிடைத்த படத்தில் வியப்பூட்டும் அளவுக்கு ஒழுங்கு இருந்தது. கலந்துபோன இழைகளை யாரோ மேலே திருத்தியிருக்க வேண்டும். 1972-ல் வெளியான அந்தக் கட்டுரையில் பெரிய முழக்கம் எதுவுமில்லை. வளர்ந்த மூளை மாறாது என்பதுதான் அன்றைய பாடம். ஆனால் மெர்ஸனிக்கின் மீதி வாழ்நாள் வேலை அங்கேதான் தொடங்கியது. பின்னாளில் ஜான் காஸுடன் சேர்ந்து, மீடியன் நரம்பை அறுத்துத் தைக்காமலே விட்டால் மூளையில் அதன் இடத்தைப் பக்கத்துத் தோல் எடுத்துக்கொள்வதையும், ஒரு விரலை நீக்கினால் அந்த விரலின் இடத்துக்குள் பக்கத்து விரல்கள் நுழைவதையும் 1983, 1984-ஆம் ஆண்டுக் கட்டுரைகளில் காட்டினார்.

தைத்த நரம்பின் கதை அவ்வளவு இனிமையாக முடியவில்லை. காஸ், மெர்ஸனிக் இருவரும் இடம்பெற்ற குழு 1986-ல் இன்னும் நுணுக்கமாக அளந்தது. நரம்பைத் தைத்த பிறகு, வயதுவந்த குரங்குகளின் புறணியில் கை திரும்பி வருகிறது, ஆனால் துண்டு துண்டாக வருகிறது. பெருவிரலின் ஒரு தோல் இடம் மூளையில் சிதறிய பல புள்ளிகளில் தெரிகிறது. நைலான் இழைக்கு 'ஆள்காட்டி விரல்' என்று பதில் சொன்னவரின் மூளையை அப்படிப் படம் எடுத்தால் ஏறக்குறைய அதுதான் தெரியும் என்று நினைக்க நியாயம் இருக்கிறது. இதற்கு நேர்மாறான முடிவு 1996-ல் ஷெரி ஃபுளோரன்ஸும் காஸும் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வில் கிடைத்தது. பிறப்பதற்கு முன்பே நரம்பு அறுபட்ட குரங்குகளின் புறணியில் படம் கிட்டத்தட்ட இயல்பாகவே இருந்தது. இழைகள் அங்கும் கலந்துதான் போயிருந்தன. குழந்தைகளின் தைத்த கை பெரியவர்களின் கையைவிட நன்றாகத் தேறுகிறது என்று கை அறுவை மருத்துவர்கள் சொல்வதற்கான காரணம் நரம்பில் மட்டுமல்ல, மூளையிலும் இருக்கலாம்.

இங்கே ஒரு சிக்கல் தலைகாட்டுகிறது. அது அறிவியல் சிக்கல் அல்ல, நாட்காட்டிச் சிக்கல். நரம்பு மணிக்கட்டிலிருந்து விரல் நுனிக்கு வர அரை ஆண்டு. அதன் பிறகு மூளை தன்னைச் சரிசெய்துகொள்ள ஆண்டுகள். போஸ்ட்டாக்கின் ஒப்பந்தமோ இரண்டு ஆண்டு, மூன்று ஆண்டு. இந்தியாவில் 2015-16 வாக்கில் தொடங்கிய தேசிய போஸ்ட்டாக் உதவித்தொகையின் காலம் இரண்டு ஆண்டு. விண்ணப்பிக்க வயது வரம்பு 35. முதல் ஆறு மாதம் அனுமதிக்கும் கருவிக்கும் போய்விடும். விலங்குகளை ஒரு பணிக்குப் பழக்க இன்னும் பல மாதம். கடைசி ஆறு மாதம் அடுத்த வேலைக்கு விண்ணப்பம் எழுதுவதில் போகும். நடுவில் மிஞ்சும் காலத்துக்குள் அடங்கும் கேள்வியைத்தான் அவர் கேட்க முடியும். காயத்துக்குப் பின் முதல் சில வாரங்களில் மூளை என்ன செய்கிறது என்பது நமக்கு நிறையத் தெரியும். பத்தாண்டு கழித்து என்ன செய்கிறது என்பது மிகக் கொஞ்சமே தெரியும். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை உருவாக்கியது மூளை அல்ல, சம்பளப் பட்டியல் என்றே நான் நினைக்கிறேன்.

இதற்கு எனக்குத் தெரிந்த மிக விசித்திரமான சான்று, நீண்ட கால அளவீடுகளில் மிகப் புகழ்பெற்றது நீதிமன்றத் தகராறால் கிடைத்தது என்பதுதான். 1981-ல் அமெரிக்காவின் சில்வர் ஸ்பிரிங் நகரில் எட்வர்ட் டாப் என்பவரின் ஆய்வகத்தில் காவல்துறை நுழைந்து குரங்குகளைக் கைப்பற்றியது. அவற்றில் சிலவற்றுக்குக் கையிலிருந்து தண்டுவடத்துக்கு வரும் உணர்வு நரம்புகள் அதற்கு முன்பே வெட்டப்பட்டிருந்தன. விலங்கு உரிமை இயக்கம், அரசு நிறுவனம், நீதிமன்றம் என்று வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. குரங்குகள் கூண்டில் மூப்படைந்தன. எந்த ஆராய்ச்சித் திட்டமும் திட்டமிட்டிருக்காத காத்திருப்பு அது. கடைசியில் டிம் பான்ஸும் அவருடைய குழுவும் அவற்றின் மூளையை அளந்தபோது வெட்டிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. கையின் இடம் முழுக்க முகத்துக்குப் பதில் சொன்னது. தாடையைத் தொட்டால் கையின் புறணி துடித்தது. அதுவரை ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் இடம் மாறும் என்று நம்பியிருந்தார்கள். இங்கே அது பத்து மில்லிமீட்டருக்கும் மேல். கட்டுரை 1991 ஜூனில் சயன்ஸ் இதழில் வந்தது. குரங்குகள் அனுபவித்ததை இந்த முடிவு நியாயப்படுத்துமா என்று கேட்டால் என்னிடம் சுலபமான பதில் இல்லை.

அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு, அப்படியானால் கையை இழந்த மனிதரின் முகத்தைத் தொட்டால் அவர் எதை உணர்வார் என்று கேட்டவர் ஸ்டான்லியில் படித்தவர். விளையனூர் எஸ். ராமச்சந்திரன் 1951-ல் பிறந்தார், அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் பேரன். ஸ்டான்லியில் எம்.பி.பி.எஸ். படித்த காலத்திலேயே அவர் நேச்சர் இதழில் எழுதத் தொடங்கிவிட்டார். 1973-ல் வந்த கட்டுரை ஒன்று, இரண்டு கண்ணின் பிம்பங்களையும் சேர்த்து மூளை ஆழத்தை உணரும்போது உருவத்தின் விளிம்புகளுக்கு என்ன பங்கு என்பது பற்றியது. பெல் ஆய்வகத்தின் பெலா யூலேஷ் 1960-ல் வெறும் புள்ளிகளாலான படங்களைக் காட்டி, விளிம்பே இல்லாமலும் ஆழம் தெரியும் என்று நிறுவியிருந்தார். அதன் மீது எழுந்த கேள்வி இது. உடன் எழுதியவர்களில் ஒருவரான டி.ஆர். வித்யாசாகர் பின்னாளில் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் பார்வை நரம்பியல் ஆராய்ச்சியாளரானார். இந்த வகை ஆராய்ச்சிக்குத் தேவையானவை இரண்டு படங்களும் அவற்றை ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாகக் காட்ட ஒரு வழியும்தான். 1838-ல் சார்லஸ் வீட்ஸ்டன் அதை இரண்டு கண்ணாடிகளால் செய்துகாட்டினார்.

ராமச்சந்திரன் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் முனைவர் பட்டம் பெற்றார். பிறகு கால்டெக்கில் ஜாக் பெட்டிக்ருவிடம் இரண்டாண்டு ஆய்வாளராக இருந்தார். பெட்டிக்ரு சிஸ்டம்ஸ் நியூரோசயின்ஸின் அசல் கைவினைஞர். 1967-ல் ஹொரேஸ் பார்லோ, காலின் பிளேக்மோர் ஆகியோருடன் சேர்ந்து, இரண்டு கண்ணின் பிம்பங்களுக்கிடையே உள்ள சிறு வேறுபாட்டை உணரும் நியூரான்களைப் பூனையின் மூளையில் கண்டவர். ஆந்தையிலும் அதையே கண்டவர். 1983-ல் ராமச்சந்திரன் சான் டியேகோவுக்குப் போனார். அவருடைய பிற்கால வேலையில் மின்முனை இல்லை, பருத்தி முனை குச்சிதான் இருந்தது.

1992-ல் அவர் பரிசோதித்த இளைஞனுக்கு 17 வயது. முழங்கைக்கு மேலே இடது கை துண்டிக்கப்பட்டு நான்கு வாரமே ஆகியிருந்தது. கன்னத்தைக் குச்சியால் தொட்டபோது, கன்னம் என்று சொன்னதோடு இல்லாத பெருவிரல் என்றும் சொன்னான். முகத்தின் வேறு இடங்களைத் தொட்டால் வேறு விரல்கள். பென்ஃபீல்டும் போல்ட்ரியும் 1937-ல் மனிதப் புறணியில் கையும் முகமும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதைக் காட்டியிருந்தார்கள். பான்ஸின் குரங்குகள் அந்த இரண்டுக்கும் இடையே எல்லை அழிவதைக் காட்டின. இப்போது ஒரு மனிதர் அதைத் தன் வாயாலேயே சொன்னார். 1995-ல் கண்ணாடிப் பெட்டி வந்தது. இருக்கும் கையின் பிம்பம் இல்லாத கையின் இடத்தில் தெரியும்படி வைத்த ஒரு கண்ணாடி, அவ்வளவுதான். துண்டிக்கப்பட்ட பிறகும் இருப்பதாகவே உணரப்படும் கை மாயக்கை. சிலருக்கு இறுகிப்போயிருந்த மாயக்கை அதில் விரிந்தது. 2007-ல் அமெரிக்க ராணுவ மருத்துவமனையில் நடந்த சிறு சோதனையில் கண்ணாடி வைத்துப் பயிற்சி செய்தவர்களுக்கு, இல்லாத உறுப்பில் உணர்ந்த வலி குறைந்தது. ஏன் குறைகிறது என்பதில் இன்றும் ஒருமித்த கருத்தில்லை.

இவ்வளவு அழகான கதை ஒன்று கையில் கிடைத்தால் துறை அதைக் கொண்டாடி முடித்துவிடும் ஆபத்து உண்டு. முடிக்க விடாதவர்களும் இளம் ஆய்வாளர்கள்தான். அவர்களுடைய வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஹரியானாவின் மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தில் நீரஜ் ஜெயினின் ஆய்வகம் செய்தது. ஜெயின் அதற்கு முன் வாண்டர்பில்ட்டில் காஸுடன் இருந்தவர். தண்டுவடத்தின் பின்பகுதி வெட்டுப்பட்டால் முகம் கையின் புறணிக்குள் நுழைவதை 1997-ல் அங்கேதான் காட்டினார். மானேசரில் நிரஞ்சன் காம்பியும் மற்றவர்களும் கேட்ட கேள்வி எளிமையானது. பலர் புறணியில் மாற்றத்தைப் பார்த்தார்கள், அதனால் மாற்றம் புறணியில்தான் நடக்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள். அது சரியா?

தொடுதல் தோலிலிருந்து நேராகப் புறணிக்குப் போவதில்லை. முதலில் தண்டுவடம் வழியாக மூளைத்தண்டுக்கு. அங்கே கையின் செய்தி கியூனியேட் என்ற கருவில் கைமாறுகிறது. பிறகு தலாமஸ். அதன் பிறகுதான் புறணி. மூளைத்தண்டில் கையின் கருவும் முகத்தின் கருவும் அருகருகே இருக்கின்றன, மிகச் சிறிய இடத்தில். அங்கே ஓர் இழை பக்கத்துக்குத் தாவினால் புறணியில் அது பத்து மில்லிமீட்டர் படையெடுப்பாகத் தெரியும். காம்பியும் குழுவும் தண்டுவடக் காயத்துக்குப் பின் கையின் புறணி முகத்துக்குப் பதில் சொல்லத் தொடங்கிய குரங்குகளை எடுத்துக்கொண்டார்கள். முதலில் புறணியில் முகத்துக்கு உரிய பழைய இடத்தை லிடோகேய்ன் என்ற மரப்பு மருந்தால் உறங்கவைத்தார்கள். கையின் இடத்தில் முகம் அப்படியே துடித்துக்கொண்டிருந்தது. அப்படியானால் செய்தி பக்கத்துப் புறணியிலிருந்து வரவில்லை. அடுத்து மூளைத்தண்டில் கியூனியேட் கருவை உறங்கவைத்தார்கள். கையின் புறணியில் முகம் மறைந்துபோனது. 2014-ல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸில் வெளியான அந்த முடிவின்படி, பெரிய படையெடுப்புக்கான வாசல் புறணியில் இல்லை, மூளைத்தண்டில் இருக்கிறது. காம்பி பின்னர் போஸ்ட்டாக்காகப் போன ஊர் மேடிசன்.

இன்னொரு பக்கத்தில் டாமர் மாக்கின். அப்போது ஆக்ஸ்ஃபோர்டில் இளம் ஆய்வாளராக இருந்த அவர் 2013-ல், கை இழந்தவர்கள் இல்லாத விரல்களை அசைக்க நினைத்தால் பழைய கைப் புறணி இயல்பாகவே செயல்படுகிறது என்று காட்டினார். அந்த இடம் காணாமல் போகவில்லை, முகம் அதை முழுக்க விழுங்கவுமில்லை. ஆனாலும் ஓர் ஓட்டை மிச்சமிருந்தது: கை போவதற்கு முன் அந்த மனிதரின் படம் எப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியாது. விபத்து முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருவதில்லை. ஹண்டர் ஷோனும் மாக்கினும் கிறிஸ் பேக்கரும் அந்த ஓட்டையை அடைக்க ஒரு வழி கண்டார்கள். மருத்துவக் காரணத்தால் கையை எடுத்தே ஆக வேண்டும் என்ற முடிவோடு நாள் குறிக்கப்பட்டிருந்த மூன்று பேரை முன்னதாகவே ஸ்கேன் செய்தார்கள். பிறகு அறுவைக்குப் பின் மறுபடி மறுபடி, ஐந்து ஆண்டு வரை. அறுவைக்கு முன் எந்த விரல் அசைகிறது என்று மூளைப் படத்தைப் பார்த்துச் சொல்லப் பழக்கிய கணினி, அறுவைக்குப் பின் இல்லாத விரலின் அசைவையும் சரியாகச் சொன்னது. உதட்டின் இடம் கைக்குள் நகரவில்லை. 2025-ல் நேச்சர் நியூரோசயின்ஸில் வந்த அந்த ஆய்வின் பலம் மூன்று பேர் என்ற எண்ணிக்கையில் இல்லை, ஐந்து ஆண்டு என்ற காலத்தில் இருக்கிறது.

அப்படியானால் மெர்ஸனிக்கும் பான்ஸும் பார்த்தது பொய்யா? இல்லை. மயக்கத்தில் இருக்கும் விலங்கின் தோலைத் தொட்டு அளப்பது ஒன்று, விழித்திருக்கும் மனிதரை விரலை அசைக்கச் சொல்லி அளப்பது வேறொன்று. இல்லாத கையை அசைக்க நினைக்கும்போது செய்தி மேலிருந்து வருகிறது, தோலிலிருந்து அல்ல. இரண்டு படமும் ஒரே புறணியைப் பற்றியவைதான், கேள்விகள் வேறு. நைலான் இழைக்காரரின் கேள்வி இந்த இரண்டிலும் சேராமல் நடுவே நிற்கிறது. அவருக்குக் கை இருக்கிறது, தோலும் இருக்கிறது, செய்தியும் வருகிறது. முகவரிதான் தப்பு. கை இழந்தவர்களைப் பற்றி இவ்வளவு பேசிய துறை, நரம்பு தைக்கப்பட்டவர்களைப் பற்றிப் பேசியது குறைவு. உலகத்தில் இரண்டாம் வகையினர்தான் அதிகம் இருப்பார்கள் என்பது என் ஊகம்.

அவர்களுக்காகச் செய்யப்பட்ட வேலைகளில் ஸ்வீடனின் மால்மோ நகர மருத்துவர் யோரான் லுண்ட்போர்க் குழுவின் ஒன்று கேட்பவர்களைத் திடுக்கிடவைக்கும். விரல் நுனியின் உணர்வு கூர்மையாக வேண்டுமா, முன்கையில் மரப்பு மருந்துக் களிம்பைத் தடவுங்கள் என்கிறார்கள். தொட்டுப் பார்க்காத இடத்துக்கு மருந்தா என்று தோன்றும். ஆனால் புறணியில் முன்கை கையின் பக்கத்து இடம். முன்கை கொஞ்ச நேரம் வாயை மூடினால் கையின் செய்திக்கு இடம் கூடுகிறது. 2004-ல் ஆரோக்கியமானவர்களின் கையில் அதைக் காட்டினார்கள். பிறகு நரம்பு தைத்தவர்களிடம் பயிற்சியோடு சேர்த்துச் செய்தார்கள். சாதாரண மருந்துக்கடைக் களிம்பு. இதற்கு மின்முனையும் தேவையில்லை.

இன்று துறையின் கருவிகள் பெருத்துவிட்டன. 2017-ல் வெளியான நியூரோபிக்ஸல்ஸ் என்ற மின்முனைத் தண்டில் 960 பதிவிடங்கள் இருக்கின்றன, ஒரே நேரத்தில் 384-ஐக் கேட்கலாம்.  விடிய விடியத் திருகு திருப்பிய காலம் போய், விடிய விடியத் தரவைப் பிரிக்கும் காலம் வந்திருக்கிறது. எந்தத் துடிப்பு எந்த நியூரானுடையது என்று கணினியோடு சண்டை போடும் வேலை. கருவி நூற்றுக்கணக்கான மடங்கு பெருத்தும் ஒப்பந்தம் அதே இரண்டாண்டாக இருப்பதுதான் எனக்குப் பெரிய புதிர்.

வடசென்னையிடம் நியூரோபிக்ஸல்ஸ் இல்லை. குரங்கு ஆய்வகமும் இல்லை, அது இங்கே வர வேண்டும் என்று நான் வாதாடவும் மாட்டேன். இங்கே இருப்பது காலம். காசிமேட்டில் வலை இழுப்பவரும் திருவொற்றியூர் பட்டறையில் பிரஸ் ஓட்டுபவரும் அடிபட்ட பிறகும் அதே தெருவில்தான் இருப்பார்கள். கையில் குளிர் ஏறினாலும், விரல் மடங்காவிட்டாலும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் அதே ஆஸ்பத்திரிக்குத்தான் வருவார்கள். ஐந்து ஆண்டு பின்தொடர்வதற்கு அமெரிக்காவில் பெரும்பணம் செலவழித்து ஏற்பாடு செய்ய வேண்டியதை இங்கே ஒரு புறநோயாளிச் சீட்டு பாதி செய்துவிடுகிறது.

விபத்துக்கு நாள் குறிக்க முடியாது, ஆனால் கை அறுவையில் நாள் குறித்துச் செய்பவை உண்டு. பெருவிரலை இழந்தவருக்குக் கால் விரலை எடுத்துக் கையில் பொருத்தும் நுண்ணறுவை அவற்றில் ஒன்று. கால் விரலின் நரம்பைப் பெருவிரலின் மிச்ச நரம்போடு தைக்கிறார்கள். தோல் காலுடையது, நரம்பு கையுடையது. மூளையில் காலின் இடமும் கையின் இடமும் வெகு தொலைவில் இருக்கின்றன. அப்படிப்பட்டவரைப் பின்தொடர இப்படி ஓர் ஆய்வைத் திட்டமிடலாம்: அறுவைக்கு ஒரு வாரம் முன்பு ஒரு ஸ்கேன். ஒட்டிய விரலில் முதல் உணர்வு வரும் மாதத்தில் ஒன்று. பிறகு ஆண்டுக்கு ஒன்று, ஐந்து ஆண்டு வரை. ஒவ்வொரு முறையும் ஸ்கேன் அறையில் அதே நைலான் இழையும், "எந்த விரலுண்ணா?" என்ற அதே கேள்வியும். காலில் விரல் போன இடத்துக்குரிய புறணியையும் அளக்க வேண்டும், அதை எல்லோரும் மறந்துவிடுவார்கள். குழந்தைகள் சிலரைச் சேர்த்தால் ஃபுளோரன்ஸின் குரங்குகள் சொன்னதை மனிதரில் சரிபார்க்கலாம். முன்கைக் களிம்பைப் பாதிப் பேருக்குக் கொடுத்து மீதிப் பேருக்கு வெறும் களிம்பைக் கொடுத்தால் இன்னொரு கேள்விக்கும் விடை வரும். தேவைப்படுவது ஒரு எம்.ஆர்.ஐ. கருவியில் சில மணி நேரம், நோயாளியின் பேச்சு புரியும் ஒரு சிகிச்சையாளர், புள்ளியியல் தெரிந்த ஒருவர், ஐந்து ஆண்டுக்கு எழுதப்பட்ட ஒரு போஸ்ட்டாக் பதவி. இந்தியாவில் டிபிடி-வெல்கம் கூட்டு உதவித்தொகை 2008-ல் தொடங்கியபோது இளம் ஆய்வாளர்களுக்கு ஐந்து ஆண்டு என்றுதான் வகுத்தார்கள். ஆகவே அப்படி ஒரு பதவியை எழுத முடியாது என்பதற்கில்லை.